பழைய மர அலுமாரி வாங்குவோர் முகப்பைப் பார்ப்பதா, முதுகைப் பார்ப்பதா?

கல்லடி வாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மட்டக்களப்பு, கல்லடியில் நாங்கள் கட்டிவரும் வீடு ஆவணி மாதம் குடிபுகும் நிலைக்கு வந்துவிடும். மகளுக்குச் சீதனமாக எழுதப்போகும் வீடு என்பதால், அதற்குள் வைக்கும் தளபாடங்களும் அவள் காலம் முழுவதும் நிலைக்க வேண்டும் என்று நினைக்கிறேன். இப்போது இருக்கும் வாடகை வீட்டில், மரத்தூளை அழுத்திச் செய்த பலகை அலுமாரிகள் இரண்டு வைத்திருந்தோம். மூன்றாவது மாரியில் அவற்றின் அடிப்பக்கம் நனைந்த பாணைப்போல ஊதி, பிணைச்சல்கள் திருகாணியோடு கழன்று கையில் வந்துவிட்டன. அதனால்தான் பழைய மரச் சாமான்களைத் தேடத் தொடங்கினேன்.

மூன்று பொருட்கள் கண்ணில் பட்டிருக்கின்றன. முதலாவது, ஆளுயரக் கண்ணாடி பதித்த இரண்டு கதவு உடை அலுமாரி. ஒல்லாந்தர் காலத்து முதிரை மரம் என்று சொல்லி 2 இலட்சத்து 85 ஆயிரம் ரூபாய் கேட்கிறார்கள். இரண்டாவது, பீங்கான் வைக்கும் கண்ணாடி அலுமாரி. அது பலா மரம் என்கிறார்கள், விலையும் அதில் பாதிக்குக் குறைவு. மூன்றாவது, ஆரையம்பதியில் என் பெரியம்மாவின் வீட்டில் கிடக்கும் பெட்டகம். கறுத்துப்போய், மூடியில் நீளமாக ஒரு வெடிப்பு விழுந்து, மூலையில் ஒரு கால் இல்லாமல் நிற்கிறது. கொண்டுபோவதானால் கொண்டுபோ என்று பெரியம்மா சொல்கிறார். வீட்டில் உள்ளவர்கள் முதலாவதையே விரும்புகிறார்கள், ஏனெனில் அதுதான் பளபளக்கிறது. எதைப் பார்த்து முடிவெடுப்பது என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டும்.

ஓடாவி மகன் எழுதியது:

அக்கா, என் தகப்பனார் களுவாஞ்சிகுடிப் பக்கத்தில் 40 ஆண்டுகள் தச்சு வேலை செய்தவர். பழைய அலுமாரி ஒன்றைப் பார்க்கப் போனால், முகப்பை ஒருமுறைகூடத் திரும்பிப் பாராமல் நேரே பின்பக்கத்துக்குப் போய்விடுவார். முன்பக்கத்தை யாரும் இரண்டு நாளில் மினுக்கிவிடலாம், பின்பக்கத்தை மினுக்க ஒருவருக்கும் மனம் வராது என்பது அவர் அடிக்கடி சொல்லும் காரணம். அவர் செய்ததை அப்படியே எழுதுகிறேன்.

முதலில் ஒரு லாச்சியை முழுவதுமாக வெளியே இழுத்துக் கவிழ்த்துப் பாருங்கள். முன்பலகையும் பக்கப் பலகையும் சேரும் மூலையில், புறா வாலை விரித்தாற்போல் வெட்டிக் கோத்த பொருத்து இருக்க வேண்டும். கையால் வெட்டியதானால் ஒரு பல் சற்று அகலமாகவும் அடுத்தது சற்று ஒடுக்கமாகவும் இருக்கும், உளிக்கு முன் கோடிழுத்த கீறல்கூட மெல்லியதாகத் தெரியும். எல்லாப் பல்லும் அச்சில் வார்த்ததுபோல் ஒரே அளவில் இருந்தால், அது இயந்திரம் வெட்டியது. மூலையில் பொருத்தே இல்லாமல் ஆணி மட்டும் அடித்திருந்தால், முன்பக்கம் எவ்வளவு அழகாக இருந்தாலும் விலையைக் குறைத்துப் பேசுங்கள்.

பிறகு அலுமாரியின் பின்பலகையைத் தடவிப் பாருங்கள். இருவர் மேலும் கீழும் நின்று இழுத்த வாளால் அரிந்த பலகையில், குறுக்கே நேர்கோடுகள் சீரில்லாத இடைவெளியில் ஓடும். வட்டவாளால் அரிந்ததில் வளைந்த கோடுகள் தெரியும். பின்பக்கத்தில் பிளைவுட் அடித்திருந்தால், ஒன்றில் அலுமாரி பழையதன்று, அல்லது பழையதன் முதுகைக் கறையான் தின்ற பின்னர் மாற்றியிருக்கிறார்கள். இரண்டாவதானால் அது பெரிய குற்றமில்லை, ஆனால் விற்பவர் அதைத் தாமாகவே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும்.

கடைசியாகத் திருகாணி. பிணைச்சலில் இருந்து ஒன்றைக் கழற்றிப் பார்க்க அனுமதி கேளுங்கள். அனுமதிக்காதவரிடம் நான் வாங்கமாட்டேன். கூர்முனையுடைய இயந்திரத் திருகாணி 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின்னரே பரவியது. அதற்கு முந்தியவற்றின் முனை மொட்டையாக இருக்கும், தலையில் உள்ள வெட்டு நடுவிலிருந்து சற்று விலகியும் இருக்கும். தலையில் சிலுவைபோல் வெட்டுள்ளது 1930களில் வந்தது. ஒரு திருகாணியை வைத்து வயது சொல்ல முடியாது, அதை மாற்றியிருக்கலாம். ஆனால் பிணைச்சலுக்குக் கீழே ஒரே ஒரு தொகுதி ஓட்டை மட்டும் இருந்து, அதில் சிலுவைத் தலைத் திருகாணி இருந்தால், அந்தக் கதவு முதன்முதலாகத் தொங்கியதே அந்தத் திருகாணியில்தான் என்று சந்தேகிக்கலாம்.

புளியந்தீவுக்காரன் எழுதியது:

ஓடாவி மகன் சொன்னதற்கு மேல், அந்த "ஒல்லாந்தர் காலம்" என்ற பேச்சைப் பற்றி மட்டும் எழுத விரும்புகிறேன். இந்தச் சொல்லைச் சேர்த்தவுடன் விலை இரட்டிப்பாகிவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். எங்கள் மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயர் 1628இல் கட்டினார்கள், ஒல்லாந்தர் 1638இல் பிடித்தார்கள், 1795இல் அது ஆங்கிலேயர் கைக்குப் போனது. ஆகவே மட்டக்களப்பில் ஒரு பொருளை ஒல்லாந்தர் காலத்தது என்றால், அதற்கு 230 வயதாவது இருக்க வேண்டும். கதவில் ஆளுயரக் கண்ணாடி பதித்த உடை அலுமாரியோ 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20ஆம் நூற்றாண்டிலும் வீடுகளில் பரவிய அமைப்பு. இந்த ஒன்றே அந்தக் கதையைச் சந்தேகிக்கப் போதும். ஆங்கிலேயர் காலத்தில் ஒல்லாந்த அமைப்பைப் பின்பற்றி நம் ஊர்த் தச்சர்கள் செய்த நல்ல வேலைகள் நிறைய உண்டு, அவற்றை அந்தப் பெயரிலேயே சொல்லி விற்பதில் ஒரு குறைவும் இல்லை. போர்த்துக்கேய, ஒல்லாந்த வழிவந்த மட்டக்களப்புப் பறங்கியர் தலைமுறை தலைமுறையாகத் தச்சிலும் இரும்பு வேலையிலும் கைதேர்ந்தவர்கள். அவர்கள் கைபட்ட அலுமாரி என்று ஒருவர் உறுதியாகக் காட்டினால், அதற்கு நான் ஒல்லாந்தர் காலத்தைவிட அதிக மதிப்புக் கொடுப்பேன்.

அலுமாரி, மேசை, கதிரை என்ற மூன்றும் போர்த்துக்கேயச் சொற்கள், லாச்சி ஒல்லாந்தச் சொல், பெட்டகம் ஒன்றுதான் நம்முடையது. உங்கள் மூன்று பொருட்களில் அந்தப் பெட்டகத்தைப் பற்றி நீங்கள் மிகக் குறைவாக எழுதியிருக்கிறீர்கள் என்பதையும் கவனித்தேன்.

அக்கரைப்பற்று வாசகர் எழுதியது:

மரத்தைப் பற்றி நான் பட்டதைச் சொல்கிறேன். ஆறு ஆண்டுகளுக்கு முன்னர், வெளியூர்க் கடையொன்றில் முதிரை என்று நம்பிப் புத்தக அலுமாரி வாங்கினேன். லொறியில் இருந்து இறக்கும்போது இரண்டு பொடியன்மார் அதைச் சிரமமில்லாமல் தூக்கிக்கொண்டு படியேறினார்கள். அந்த நேரமே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். முதிரை ஒரு கன மீற்றருக்கு 900 கிலோவை அண்மிக்கும் அல்லது தாண்டும் மரம், தேக்கு ஏறக்குறைய 650 கிலோ, மகோகனி அதைவிடவும் குறைவு. ஓராண்டு கழித்து ஒரு தட்டின் ஓரம் சிராய்ந்தபோது, மஞ்சள் நிறச் சாயத்துக்குக் கீழே வெளிறிய, எடையற்ற ஏதோ ஒரு மரம் தெரிந்தது. பணத்தைத் திருப்பித் தரும்படி கேட்டுப் பயனில்லாமல் போயிற்று.

ஆகவே யாரும் பார்க்காத இடத்தில், லாச்சியின் அடி விளிம்பிலோ காலின் அடியிலோ, நகத்தளவு இடத்தைச் சீவிப் பார்க்க அனுமதி கேளுங்கள். முதிரையானால் பொன் மஞ்சளாக இருக்கும், சாய்த்துப் பிடித்தால் பட்டுச் சேலையைப்போல ஒளி ஓர் அணியாகவும் நிழல் ஓர் அணியாகவும் மாறி மாறி ஓடும். சீவிய தூள் சிலருடைய தோலில் அரிப்பை உண்டாக்கும் என்பதால் கையைக் கழுவிக்கொள்ளுங்கள். தேக்கு விரலுக்கு மெல்லிய எண்ணெய்ப் பசையாக இருக்கும், பழைய தோலின் வாசம் வரும். பலா வெட்டியவுடன் மஞ்சளாகவும், ஆண்டுகள் போகப்போகச் செங்கபிலமாகவும் மாறும் மரம். அதனால் நன்கு முதிர்ந்த பலாவைத் தேக்கு என்று விற்பவர்கள் உண்டு. உங்களிடம் பலா என்றே சொல்லி விற்கிறவர் உண்மை பேசுகிறவராகத் தெரிகிறார்.

கல்லடி வாசகி எழுதியது:

நன்றி. நீங்கள் எழுதியதை அச்சிட்டு எடுத்துக்கொண்டு நேற்று மூன்றையும் மறுபடி பார்த்தேன்.

கண்ணாடி பதித்த அலுமாரியின் லாச்சியில் புறாவால் பொருத்து இருக்கிறது, பற்கள் எல்லாம் ஒரே அளவு. கதவுச் சட்டம் கனமான மஞ்சள் மரம்தான், ஆனால் இரண்டு பக்கப் பலகைகளும் வேறு மரம். பின்பக்கம் முழுவதும் புதிய பிளைவுட். திருகாணி கழற்றக் கேட்டபோது, கண்ணாடி அசைந்துவிடும் என்று மறுத்துவிட்டார்கள். ஆழத்தையும் அளந்தேன், 17 அங்குலம்.

பலா அலுமாரியின் பின்பக்கம் கறுத்த முழுப் பலகை, வாள் கோடுகள் நேராக ஓடுகின்றன. கண்ணாடிகளில் ஒன்று மட்டும் மாற்றியது என்று விற்பவரே சொன்னார். பழைய கண்ணாடி வழியாகப் பார்த்தால் எதிர்ச் சுவர் சற்று அலைபாய்கிறது. ஆனால் கீழ்த் தட்டில் குண்டூசி முனையளவு ஓட்டைகள் பதினைந்து இருபது இருக்கின்றன. பெட்டகத்தின் உட்புறத்தில் ஒரு பக்கமாகச் சிறிய பெட்டி ஒன்று அமைந்திருக்கிறது, அதன் மூடியைத் தூக்கினால் அதற்குக் கீழே இன்னொரு கள்ளத் தட்டு. அதில் பெரியம்மாவின் தாயாருடைய காணி உறுதி ஒன்று துணியில் சுற்றியபடி கிடந்தது. பெரியம்மாவுக்கே அது தெரியாது.

ஓடாவி மகன் எழுதியது:

17 அங்குல ஆழத்தில் உடுப்புகளை நேராகத் தொங்கவிட முடியாது அக்கா. தொங்கவிடும் கொளுவிக்கு 22 அங்குலமாவது வேண்டும். பழைய அலுமாரிகள் பெரும்பாலும் மடித்து வைக்கும் சேலைக்கும் சாறத்துக்குமாகச் செய்யப்பட்டவை. அதில் தண்டு பூட்டினால் கதவு மூடாது.

ஓட்டைகளைக் கண்டு உடனே பயப்பட வேண்டாம், அவை பழையவையா உயிருள்ளவையா என்பதே கேள்வி. உள்ளே வெளிறிய, கூரான விளிம்புள்ள ஓட்டை புதியது, மண்டிய அழுக்கோடு கறுத்திருப்பது பழையது. இன்னும் தெரிய வேண்டுமானால் அந்தத் தட்டின் கீழே ஒரு கறுப்புத் தாளை விரித்து, இரண்டு கிழமைக்கு யாரும் தொடாமல் விடச் சொல்லுங்கள். தாளில் பவுடர்போல மென்மையான மா விழுந்திருந்தால் வண்டு இன்னும் தின்கிறது. விரலுக்கிடையில் உருட்டும்போது கசகசாவைப்போல உருளும் சிறு மணிகள் விழுந்திருந்தால் அது உலர்மரக் கறையான், அதை வீட்டுக்குள் கொண்டுவரவே வேண்டாம். மா விழும் வண்டு பெரும்பாலும் வெள்ளை மரத்தை, அதாவது வைரம் பாயாத வெளிப்பகுதியைத்தான் தின்னும். அந்த ஒரு தட்டை மாற்றிவிட்டாலே பல நேரம் தீர்ந்துவிடும். போரிக் கரைசல் பூசுவதானால் பொலிஷ் இல்லாத வெறும் மரத்தில் பூச வேண்டும், பொலிஷுக்கு மேல் பூசியது உள்ளே இறங்காது. மண்ணெண்ணெய் பூசும் வழக்கம் எங்கள் வீட்டிலும் இருந்தது. அது ஆவியாகிப் போன பிறகு வண்டு திரும்ப வருவதைக் கண்டு அப்பா அதை நிறுத்திவிட்டார்.

இன்னொன்று. பழைய கதவின் நடுப்பலகையைக் கையால் அசைத்துப் பாருங்கள். சட்டத்தின் தவாளிப்புக்குள் அது மெல்ல அசைய வேண்டும். ஆடுகிறதே என்று ஆணி அடித்துவிடாதீர்கள், பசை விடாதீர்கள். மாரியில் மரம் குறுக்காக வீங்கும், வைகாசி முதல் ஆவணி வரை கச்சான் காற்று அடிக்கும்போது சுருங்கும். அந்த அசைவுக்கு இடம் விட்டுத்தான் அந்தக் காலத்துத் தச்சர் பலகையைக் கோத்திருக்கிறார். அந்த இடத்தை அடைத்தால் அடுத்த கச்சானில் பலகை பிளந்துவிடும். உங்கள் பெட்டக மூடியின் வெடிப்பும் அப்படி வந்ததாகத்தான் இருக்கும். மூடியின் அடியில் குறுக்குச் சட்டத்தை யாராவது பிற்காலத்தில் இரும்பாணியால் இறுக்கியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

நாவலடிப் பிள்ளை எழுதியது:

எங்கள் அம்மம்மாவின் பெட்டகம் 2004 மார்கழி 26இல் கடல் வந்தபோது மிதந்துபோய், வாவிப் பக்கம் ஒரு பற்றைக்குள் சிக்கிக் கிடந்தது. வீட்டில் மிஞ்சிய ஒரே சாமான் அதுதான். காயவைத்துவிட்டோம், முடிந்தது என்று நினைத்தோம். ஆனால் உப்பு மரத்துக்குள் இருந்துவிட்டது. ஒவ்வொரு மாரியிலும் பலகை ஈரத்தை இழுத்து வியர்த்தது, காய்ந்தபோது வெண்மையாகப் பூத்தது, ஆணிகள் துருவேறி அவற்றைச் சுற்றி மரம் மை கொட்டியதுபோலக் கறுத்தது. நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைப்பதும் நிழலில் உலரவிடுவதுமாகப் பல மாதங்கள் செய்து, இரும்பாணிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பித்தளைத் திருகாணி போட்ட பிறகே அது ஓய்ந்தது. கல்லடி, நாவலடி, திருச்செந்தூர்ப் பக்கம் பழைய சாமான் வாங்குகிறவர்கள், அது கடல்நீர் குடித்ததா என்று கேட்டறிய வேண்டும். ஆணியைச் சுற்றிய கறுப்பு வட்டம் அதற்கு ஓர் அறிகுறி. பெட்டகம் உங்கள் பெரியம்மாவுடையது என்பதால் அதன் கதையை அவரிடமே கேட்கலாம், கடைச் சாமானுக்கு அந்த வசதி இல்லை.

காரைதீவு ஆசிரியர் எழுதியது:

பொலிஷைப் பற்றி என் கருத்து சற்று வேறு. கறுத்துப்போன பெட்டகத்தைப் பொலிஷ்காரரிடம் கொடுத்து, மேற்பரப்பை இயந்திரத்தால் முழுவதும் தேய்த்து, புதிய வார்னிஷ் அடித்துவிட்டால் கல்யாண வீட்டுக்கு அழகாக இருக்குமே. நாங்கள் அப்படித்தான் செய்தோம், யாரும் குறை சொல்லவில்லை.

புளியந்தீவுக்காரன் எழுதியது:

ஐயா, உங்கள் வீட்டுப் பொருளை நீங்கள் விரும்பியபடி செய்ததில் நான் தவறு சொல்லவில்லை, ஆனால் மற்றவர்களுக்கு அதைப் பரிந்துரைக்க வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இயந்திரத் தேய்ப்பு ஒரு மணி நேரத்தில் எடுத்துவிடுவது, நூறு ஆண்டுகளாகக் கைபட்டுக் கைபட்டு மூலைகள் உருண்டு வந்த அந்த மேற்பரப்பை. அதைத் திரும்ப வைக்க எந்தப் பொலிஷாலும் முடியாது. அந்தக் கறுப்பில் பெரும்பகுதி மரத்தில் இல்லை, மேலே படிந்த எண்ணெய்ப் புகையிலும் பழைய அரக்கிலும் இருக்கிறது. மறைவான இடத்தில் சிறிது ஸ்பிரிட் தொட்டு வைத்துப் பாருங்கள். பூச்சு இளகி ஒட்டினால் அது அரக்குப் பொலிஷ், அதை அடியோடு எடுக்காமலே இளக்கிச் சமப்படுத்திவிடலாம். இளகாவிட்டால் பிற்கால வார்னிஷாக இருக்கலாம். நிறப் பூச்சு அடித்த பழைய சாமானாக இருந்தால் உலரத் தேய்க்கவே கூடாது, பழைய பூச்சுகளில் ஈயம் இருந்திருக்கலாம், அந்தத் தூள் குழந்தைகளுக்குப் பெரும் தீங்கு.

காரைதீவு ஆசிரியர் எழுதியது:

ஏற்றுக்கொள்கிறேன். எங்கள் வீட்டில் இன்னும் தொடாத கண்ணாடி அலுமாரி ஒன்று உண்டு, 1978 சூறாவளியில் விழுந்த வேம்பில் என் மாமனார் செய்வித்தது. அதை இனி மெல்லிய துணியால் மட்டும் துடைப்பேன்.

கடல்கடந்த தங்கை எழுதியது:

நான் கனடாவில் இருக்கிறேன். அம்மாவின் பெட்டகத்தை இங்கே கொண்டுவர ஆசை. கப்பலில் ஏற்றுவதில் ஏதும் தடை உண்டா?

புளியந்தீவுக்காரன் எழுதியது:

தங்கச்சி, முதலில் தொல்பொருள் திணைக்களத்தில் எழுத்தில் கேளுங்கள். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டமும், 1988ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கப் பண்பாட்டு ஆதனங்கள் சட்டமும் பழைமையான பொருட்களை நாட்டுக்கு வெளியே கொண்டுபோவதை அனுமதிப்பத்திரத்துக்கு உட்படுத்துகின்றன. விற்பவரோ கப்பல் முகவரோ வாயால் சொல்வதை நம்பிப் பெட்டி கட்டிவிடாதீர்கள். குளிர்காலத்தில் சூடாக்கி வைக்கும் வீடுகளில் காற்று மிகவும் உலர்ந்திருக்கும் என்பதையும் எண்ணிக்கொள்ளுங்கள். எங்கள் ஈரக் காற்றில் 80 ஆண்டுகள் இருந்த மரம் அங்கே முதல் குளிர்காலத்திலேயே பிளக்கக்கூடும்.

கல்லடி வாசகி எழுதியது:

இரண்டு கிழமை கழித்து எழுதுகிறேன். கறுப்புத் தாளில் ஒன்றும் விழவில்லை. ஆகவே பலா அலுமாரியை வாங்கிவிட்டோம், கீழ்த் தட்டை மட்டும் மாற்றச் சொல்லியிருக்கிறேன். குசினிச் சுவரின் அடி மாரியில் கசியும் என்பதால், அலுமாரியைச் சுவரிலிருந்து மூன்று விரல் தள்ளி, கால்களுக்குக் கீழே கருங்கல் துண்டு வைத்து நிறுத்தப்போகிறோம். பேரப்பிள்ளைகள் ஏறி இழுத்தால் சரியாமல் இருக்க, மேல் மூலையிலிருந்து சுவருக்கு இரண்டு பட்டையும் போட வேண்டும். உடுப்புக்கு உள்ளூர் ஓடாவியார் ஒருவரிடம் 23 அங்குல ஆழத்தில் புதிய தேக்கு அலுமாரி சொல்லிவிட்டேன், அந்தப் பளபளத்த அலுமாரிக்குக் கேட்ட விலையைவிடக் குறைவாகவே முடிகிறது.

பெட்டகம் நேற்றுப் பின்னேரம் வந்து சேர்ந்தது. ஓடாவி மகன் தம்பி சொன்னது சரி, மூடிக்கு அடியில் குறுக்குச் சட்டத்தை யாரோ ஆறு இரும்பாணியால் இறுக்கியிருந்தார்கள். அவற்றை எடுத்தவுடன் வெடிப்பு ஒரு நூலளவு தானாகவே ஒடுங்கியது. இல்லாத காலுக்கு முதிரைத் துண்டு ஒன்று தேடுகிறோம், பெட்டகம் முதிரைதான். உள்ளே மகள் முகத்தை வைத்து முகர்ந்து பார்த்துவிட்டு, கற்பூரமும் பழைய சேலையும் மணக்கிறது என்றாள். காணி உறுதியைப் பெரியம்மாவிடமே கொடுத்துவிட்டேன். கள்ளத் தட்டு இப்போது வெறுமையாக இருக்கிறது.